சின்னப் பிள்ளைக்குப் போன் கொடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையிலிருந்து தரம் 5 புலமைப்பரிசில் எழுதும் பிள்ளை வரைக்கும் இந்தப் பக்கம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த வயதில் போன் வீட்டுக்குச் சொந்தமாக இருக்கட்டும். பிள்ளை அதைப் பாவிக்கலாம், தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டாம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

எந்த வயதில் பிள்ளைக்கென்று தனிப் போன் கொடுக்கலாம்?

தரம் 5 முடியும்வரை தேவையே இல்லை. தரம் 6இல் பாடசாலை மாறி, பஸ்ஸில் தனியே போய்வர வேண்டி வந்தால் ஒரு பட்டன் போன் போதும். இன்டர்நெட் உள்ள போனுக்கு 13 வயதாவது ஆகட்டும். வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் சாதாரணக் கணக்குக்கு 13ஐத்தான் குறைந்த வயதாக வைத்திருக்கின்றன. அதற்கு முன் திறப்பதென்றால் பிறந்த திகதியைப் பொய்யாகப் போடவேண்டும். அந்தப் பொய்யைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பவர் பெற்றோராகவே இருப்பார்.

13 ஆனதும் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்றும் இல்லை. சொன்ன நேரத்தில் டிவியை நிறுத்துகிறதா, புத்தகம் குடையைத் தொலைக்காமல் கொண்டுவருகிறதா, பிழை விட்டால் ஒளிக்காமல் வந்து சொல்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் நாங்கள் பெரிதாக எடுக்கிறோம். போனில் வரும் சிக்கல் எதுவானாலும் பிள்ளை வந்து சொன்னால்தான் உங்களுக்குத் தெரியவரும்.

பாலர் வகுப்புப் பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. டிவியும் போனும் சேர்த்துத்தான் இந்த ஒரு மணித்தியாலம். அதை 15, 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, யாராவது பக்கத்தில் இருந்து “இது என்ன? எங்கே போகுது?” என்று பேசிக்கொண்டு பார்ப்பது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடு, பெரியம்மாவோடு வீடியோ கோலில் பேசுவதை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் ஒரு மனிதர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார், அதனால் கைக்குழந்தைக்கும் அது பரவாயில்லை.

போன் இல்லாமல் சோறு தீத்த முடியவில்லை. என்ன செய்வது?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. படத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, சோற்றின் ருசியும் தெரியாது. தீத்தும் உங்களுக்குக் கோப்பை காலியாவது மட்டும் தெரியும். கொஞ்சநாள் போனால் பிள்ளை மெல்லாமல் விழுங்கவும், வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே இருக்கவும் தொடங்கும்.

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். வீட்டில் அவசரம் இல்லாத ஒரு வேளையை, பெரும்பாலும் பகல் சாப்பாட்டை, முதலில் எடுங்கள். சாப்பிடும் இடத்தில் யாருடைய போனும் இருக்கக்கூடாது, உங்களுடையதும்தான். பிள்ளைக்குத் தனிக் கோப்பையில் இரண்டு மூன்று பிடி சோறு, ஒரு துண்டு மீன், கொஞ்சம் பருப்பு வைத்துத் தானே அள்ளித் தின்ன விடுங்கள். சிந்தட்டும். 30 நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள், திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் பாதிதான் தின்னும்.

இந்த இடத்தில்தான் அதிகமான வீடுகளில் பிழைக்கிறது. “பிள்ளை தின்னவில்லையே” என்று அம்மம்மா 3 மணிக்கு மாரி பிஸ்கட்டும் பால்தேநீரும் கொடுத்துவிடுவார். அப்புறம் இரவும் பசிக்காது, போனும் திரும்பி வந்துவிடும். இடையில் தண்ணீரும், 4 மணிக்கு ஒரு வாழைப்பழமும் போதும். பகல் சாப்பாடு பழகிய பிறகு காலை, கடைசியாக இரவு. கிளினிக்கில் நிறுக்கும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு கீழே இறங்கினால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

மகளுக்கு இரண்டரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை. போன்தான் காரணமா?

போன் மட்டும்தான் என்று யாரும் தூரத்தில் இருந்து சொல்லக்கூடாது. காது கேளாமையாக இருக்கலாம், வளர்ச்சியில் வேறு தாமதமாக இருக்கலாம். 2 வயதில் பிள்ளைகள் பொதுவாக இரண்டு சொல்லைச் சேர்த்து, “தண்ணி தா”, “மாமா வா” என்று பேசுவார்கள். அது வராவிட்டால் “வாப்பாவும் பிந்தித்தான் பேசினவர்” என்று காத்திருக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். தேவையென்றால் அங்கிருந்து காதுப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் அனுப்புவார்கள்.

அதற்கிடையில் போனை முற்றாக நிறுத்துங்கள். பேச்சு வருவதற்குப் பிள்ளை ஒரு சத்தம் போடவேண்டும், அதற்கு எதிரே இருப்பவர் திருப்பிப் பேசவேண்டும். பாட்டு வீடியோ பிள்ளை பேசினாலும் பேசாவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆங்கில எழுத்தையும் நிறத்தையும் ஒப்புவிக்கும் பிள்ளை தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினால், அதைக் கெட்டித்தனம் என்று எடுக்காமல் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.

வாப்பா கட்டாரில். அவர் கோல் எடுக்கும்வரை மகன் தூங்காமல் காத்திருக்கிறான். அவனுக்கென்று ஒரு போன் கொடுத்தால் சுகமா?

தனிப் போன் வந்தால் காத்திருப்பு இன்னும் நீளும், இடையில் வேறெல்லாம் பார்க்கவும் தொடங்குவான். இங்கே மாற்றவேண்டியது நேரத்தை. கட்டாரும் சவூதியும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், துபாய் ஒன்றரை. வேலை முடிந்து, ரூமுக்கு வந்து, சமைத்துத் தின்று அங்கே இரவு 8 மணிக்கு எடுத்தால் இங்கே 10.30. நாளைக்குப் பாடசாலை உள்ள பிள்ளை அந்த நேரம் நித்திரையில் இருக்கவேண்டும்.

அங்கே பகல் 12 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் இங்கே 2.30, பிள்ளை வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு உறுதியாக்குங்கள். வளைகுடாவில் பலருக்கு வெள்ளி லீவு, அங்கே காலை 9 மணி இங்கே 11.30. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் அது நல்லாகப் பொருந்தும். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைக்குச் சனிக்கிழமையைப் பிடியுங்கள். மற்ற நாளில் வாப்பா ஒரு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், பிள்ளை காலையில் கேட்டுவிட்டுப் பதில் போடட்டும்.

உம்மா வெளிநாட்டில், பிள்ளை உம்மம்மாவோடு என்றால் இதே ஒழுங்கை உம்மாவே கோலில் உம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றாகச் சொல்லவேண்டும். “உம்மா வாங்கித் தந்த போன்” என்று பிள்ளை உம்மம்மாவை எதிர்க்கும் வீடுகள் உண்டு. அனுப்பும் போன் உம்மம்மாவின் பெயருக்கு வரட்டும்.

அவசரம் என்று வந்தால்? ரியூசன், குர்ஆன் மத்ரஸா, அறநெறி வகுப்பு என்று பிள்ளை வெளியே போகிறதே.

அவசரத்துக்கு முதலில் வேண்டியது மனப்பாடமான ஒரு நம்பர். தரம் 1 பிள்ளை பத்து இலக்கத்தையும் பாடமாக்கும். முதல் 3, பிறகு 3, கடைசியாக 4 என்று மூன்று துண்டாக வெட்டி, குளிக்க வார்க்கும்போதும் நடந்து போகும்போதும் சொல்லவையுங்கள். ஒரு கிழமையில் வந்துவிடும். பிறகு உங்கள் போனைக் கையில் கொடுத்து இலக்கம் இலக்கமாக அழுத்தச் சொல்லுங்கள். பெயரைத் தட்டி எடுக்கப் பழகிய பிள்ளைக்கு வேறொருவரின் போனில் கோல் எடுக்கத் தெரியாது.

இரண்டு நம்பர் வேண்டும். ஒன்று உங்களுடையது, மற்றது பகலில் வீட்டில் இருக்கும் மாமியோ சாச்சியோ. பையின் உட்பக்கத்தில், அழியாத மையால் இரண்டையும் எழுதுங்கள். வெளிப்பக்கத்தில் பெயரும் நம்பரும் எழுதினால் தெருவில் போகும் எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வகுப்பு முடிந்து 10 நிமிடத்தில் யாரும் வராவிட்டால் வெளியே நிற்காமல் உள்ளே போய் ஆசிரியரிடமோ மௌலவியிடமோ “உம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துத் தாங்க” என்று கேட்கப் பழக்குங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவி 1929 ஆகியவற்றையும் சொல்லிக்கொடுங்கள்.

மாரி வெள்ளத்தில் கரண்ட் நின்று சிக்னலும் போனால் பிள்ளையின் கையில் போன் இருந்தும் பயனில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள், தண்ணீர் ஏறினால் எந்த வீட்டில் போய் நிற்பது, யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பதை ஐப்பசி முடியும் முன்னே பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள்.

பட்டன் போன் வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்?

கடையிலேயே *#06# என்று அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன் செய்யுங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்தும் பாருங்கள். பழைய 2ஜி, 3ஜி போன்களுக்கு எல்லா ஊரிலும் சிக்னல் கிடைக்காது, 4ஜி பட்டன் போன் நல்லது.

சிம் உங்கள் பெயரில்தான் இருக்கும். 2, 3, 4 ஆகிய பட்டன்களுக்கு உம்மா, வாப்பா, மாமா என்று ஸ்பீட் டயல் வையுங்கள். இன்டர்நெட் பட்டன் உள்ள போனில் பிள்ளை தெரியாமல் அழுத்தினாலும் ரீலோட் காசு கரையும். சிம் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து டேட்டாவையும், நாளாந்தம் காசு வெட்டும் கூடுதல் சேவைகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிம்மைப் பூட்டும் நம்பர் (பின்) போட்டால் அதை எழுதி வையுங்கள், மூன்று முறை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும். பாடசாலைக்குள் மாணவர் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே இது ரியூசன் போன்தான், காலையில் வீட்டில் இருக்கும்.

ரீச்சர் வீட்டுவேலையை வட்ஸ்அப்பில் போடுகிறாரே?

உங்கள் போனுக்குப் போடட்டும். 2020, 2021இல் பாடசாலை மூடியிருந்தபோது வந்த பழக்கம் இது, இன்னும் பல வகுப்புகளில் நடக்கிறது. வீட்டுவேலையை நீங்கள் திறந்து, கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொடுத்து அல்லது பிள்ளையை எழுதவைத்து, போனை எடுத்துவிடுங்கள். எழுத 10 நிமிடம் எடுக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் அதே வேலை ஒரு மணித்தியாலத்துக்கு இழுபடும், விடையையும் இன்னொரு பிள்ளையின் படத்தைப் பார்த்து எழுதும்.

வட்ஸ்அப்பில் ஒரு திருத்தம் கட்டாயம் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டாவுக்குள் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை மூன்று இடத்திலும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஊர்க் குழுவில் யாரோ போட்ட விபத்து வீடியோ உங்கள் கலரியில் வந்து உட்கார்ந்திருக்கும், பிள்ளை தன் வகுப்புப் படத்தைத் தேடும்போது அதைத்தான் முதலில் பார்க்கும்.

வீட்டுப் போனைப் பிள்ளை பாவிக்கும்படி எப்படிச் செட் பண்ணுவது?

ஐந்து நிமிடம் கொடுப்பதற்கு அன்ட்ரொய்ட் போனில் உள்ள அப் பின்னிங் போதும். செட்டிங்ஸின் செக்கியூரிட்டிக்குள் அதை ஓன் செய்து, எடுக்கும்போது பின் நம்பர் கேட்கும்படியும் வையுங்கள். வேண்டிய அப்பைத் திறந்து, அண்மையில் பாவித்த அப்கள் வரும் திரைக்குப் போய், அப்பின் சின்னத்தைத் தொட்டால் பின் என்று வரும். அதன்பின் பிள்ளை அந்த அப்பை விட்டு வெளியே வரமுடியாது.

பழைய போன் ஒன்றை வீட்டுப் போனாக்குவதென்றால் கொஞ்சம் வேலை உண்டு. முதலில் மெமரி காட்டைக் கழற்றுங்கள், ரீசெட் செய்தாலும் அதில் உள்ள பழைய படங்கள் அப்படியே இருக்கக்கூடும். பழைய ஜீமெயில் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் செய்தால் திரும்ப ஓன் ஆகும்போது பழைய பாஸ்வேர்ட்டைக் கேட்டு நிற்கும், அதை மறந்தவர்கள் பலர். உங்கள் போனில் கூகுளின் பேமிலி லிங்க் அப்பை இறக்கி, பிள்ளைக்கு உண்மையான பிறந்த திகதியோடு ஒரு கணக்குத் திறந்து, அதையே வீட்டுப் போனில் போடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் பெரியவர்களுக்கான விளம்பரமும் அப்களும் வரும். பேமிலி லிங்கில் நாள் வரம்பு 1 மணித்தியாலம், பூட்டும் நேரம் இரவு 7.30 முதல் காலை 6.30 வரை, புதிய அப் எதற்கும் உங்கள் அனுமதி என்று வையுங்கள்.

இந்தப் போனுக்குச் சிம் போடவேண்டாம். உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் ஓடட்டும், நீங்கள் வெளியே போனால் இன்டர்நெட்டும் உங்களோடு போய்விடும். யூடியூப்பில் ஓட்டோபிளேயை நிறுத்தி, பிள்ளையின் வயதுக்கான வடிகட்டியை வையுங்கள். அந்த வடிகட்டியில் எல்லாம் பிடிபடாது. அதனால் போன் குசினிக்கும் ஹோலுக்கும் அப்பால் போகக்கூடாது, அறைக் கதவுக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது.

இத்தனையும் செய்துவிட்டு, பின் நம்பரைப் பிள்ளை பிறந்த வருடமாக வைத்தால் எல்லாம் வீண். பிள்ளைகள் விரல் போகும் இடத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள், கையால் மறைத்து அடியுங்கள்.

கேம் விளையாடிக் காசு போய்விட்டது. எப்படி?

பெரும்பாலும் மூன்று வழி. ப்ளே ஸ்டோரில் வங்கி அட்டை சேமிக்கப்பட்டிருக்கும், அல்லது ரீலோட்டில் இருந்து வெட்டும் வசதி திறந்திருக்கும், அல்லது “இலவச டயமன்ட்” என்று ஒருவர் அனுப்பிய லிங்கில் பிள்ளை உங்கள் நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியையும் சொல்லியிருக்கும். முதல் இரண்டுக்கும் ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்து, அட்டையையும் நீக்குங்கள். மூன்றாவதுக்கு, போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை எவர் கேட்டாலும், ரீச்சர் என்று சொன்னாலும், சொல்லக்கூடாது என்று பழக்குங்கள். வங்கி ஓடிபி போயிருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்துங்கள்.

தெரியாத ஒருவர் பிள்ளையோடு பேசியிருக்கிறார், படம் கேட்டிருக்கிறார். என்ன செய்வது?

பிள்ளையை அடிக்கவோ, “நீ ஏன் அனுப்பினாய்” என்று கேட்கவோ வேண்டாம். “நீ சொன்னது நல்லது, இனி நாங்க பாத்துக்கொள்ளுறம்” என்று சொல்லுங்கள். பயந்த பிள்ளை மீதியை ஒளித்துவிடும், மிரட்டுபவர் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

மெசேஜை அழிக்காதீர்கள், அவருக்குப் பதில் போடாதீர்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். நம்பர், கணக்கின் பெயர், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். உடுப்பில்லாத படம் இருந்தால் அதைப் பிரதி எடுக்கவோ, ஆலோசனைக்கென்று குடும்பக் குழுவில் போடவோ வேண்டாம். பிள்ளைகளின் அப்படியான படத்தைப் பரப்புவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். போனை உள்ளபடியே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஊரில் கதை பரவும் என்ற பயத்தில் பொலிசுக்குப் போகத் தயங்கினால் முதலில் 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், 24 மணித்தியாலமும் இயங்கும், தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உதவுவார்.

கண்ணும் நித்திரையும் கெடுமா?

கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்ப்பதும் வெளிச்சத்தில் விளையாடாமல் இருப்பதும் கிட்டப்பார்வைக்கு வழிவிடும். நாளுக்கு 2 மணித்தியாலம் வெளியே இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்துக் குறைவு. வெயில் தாழ்ந்த பின் கடற்கரையோ வளவோ கிளித்தட்டோ, எதுவானாலும் சரி. 20 நிமிடம் பார்த்தால் 20 வினாடி தூரத்துத் தென்னையைப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியவில்லை என்றால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். காலை 5.45க்கு எழும்பும் பிள்ளை இரவு 8.30க்குப் படுத்தால்தான் அது வரும். படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்னே திரை நிற்கட்டும். சார்ஜர் ஹோலில் இருக்கட்டும். தலையணைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் சூடு வெளியே போகாமல் பற்றரி வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். எப்படித் திரும்ப எடுப்பது?

எடுக்கலாம். கோபத்தில் பறித்து எடுத்தால் அடுத்த நாள் மனம் இளகித் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அழுதால் கிடைக்கும் என்று பிள்ளையும் படித்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கதைக்கு வாருங்கள், வெளிநாட்டில் இருப்பவரும் சேர்த்து. ஒரு தவணை விடுமுறையின் தொடக்கத்தைத் தெரிவு செய்யுங்கள், பரீட்சைக் கிழமையில் வேண்டாம். இரண்டு நாள் முன்பே பிள்ளைக்குச் சொல்லுங்கள்: “சனிக்கிழமையிலிருந்து இது வீட்டுப் போன். பின்னேரம் 4 மணிக்கு ஒரு மணித்தியாலம் பாக்கலாம்.”

முதல் மூன்று நாலு நாள் கத்தும், சாமானை எறியும், சாப்பிடமாட்டேன் என்று நிற்கும். அந்த நாட்களில் வெறுங்கையோடு இருக்கவிடாதீர்கள். சைக்கிளுக்குக் காற்று அடிப்பது, மாமாவோடு சந்தைக்குப் போவது, மழையென்றால் கரம், தாயம், களிமண் என்று ஏதாவது கையில் இருக்கட்டும். நேரம் முடிவதற்கு 5 நிமிடம் முன்பு ஒருமுறை சொல்லி, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ முடியும் இடத்தில் வாங்குங்கள். கேம் என்றால் அந்தச் சுற்று முடியட்டும். இரண்டு மூன்று கிழமை கடந்தும் நித்திரை இல்லை, யாரோடும் பேசுவதில்லை, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்றால் அது போன் மட்டும் சார்ந்த விடயமாக இராது. அருகிலுள்ள வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், போன் பாவித்த நேரம், நித்திரை நேரம் இரண்டையும் ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.